குடித்து ஓட்டியவர்களின் பள்ளிக்கூடம்

1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ் நகரில் ஒரு புதுவகைப் பள்ளிக்கூடம் தொடங்கியது. அதற்கு மாணவர்களை அனுப்பியது நீதிமன்றம். குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்கள் நான்கு அமர்வுகள் வந்து உட்கார வேண்டும். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கல்வியாளர் வகுத்த பாடத்திட்டம் அது. மது இரத்தத்தில் ஏறினால் கண்ணும் கையும் எப்படித் தடுமாறும், சட்டம் என்ன சொல்கிறது, குடி எந்தக் கட்டத்தில் நோயாக மாறுகிறது என்பவை பாடங்கள். கடைசியில் ஒவ்வொருவரும் இனி எப்படி நடந்துகொள்ளப்போகிறோம் என்று தனக்கென ஒரு திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை இந்தக் குற்றத்துக்கு அபராதம் இருந்தது, சிறை இருந்தது, உரிமப் பறிப்பு இருந்தது. ஃபீனிக்ஸ் அவற்றோடு வகுப்பறையைச் சேர்த்தது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அந்த வகுப்பறை பரவியது. இன்று உலகின் பல நாடுகளில் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றன.

இந்த வரலாற்றைப் போக்குவரத்துப் பாதுகாப்பின் ஒரு கிளையாகத்தான் வழக்கமாக எழுதுகிறார்கள். அதில் நீதிபதிகள், பொறியாளர்கள், மருத்துவர்கள் வருவார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து படித்தால் வேறொரு கேள்வி எழுகிறது. குடித்து ஓட்டிய ஆணுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை யாருடைய தலையில் விழுந்தது? அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்?

வாக்கில்லாதவர்கள் எழுதிய பாடநூல்

குடியைப் பாடம் நடத்தி விரட்டிவிடலாம் என்ற எண்ணம் ஃபீனிக்ஸில் பிறந்ததல்ல. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே மேரி ஹண்ட் அதை ஒரு பெரும் இயக்கமாக்கியிருந்தார். வேதியியல் கற்பித்த ஆசிரியை அவர். 1874இல் உருவான மகளிர் கிறித்தவ மதுவிலக்குச் சங்கத்தில் கல்விப் பிரிவைப் பொறுப்பேற்று, பள்ளிகளில் மதுவின் தீமையைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று மாநிலம் மாநிலமாகப் போராடினார். 1882இல் வெர்மாண்ட் மாநிலம் முதலில் சட்டம் இயற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் நாடு முழுவதும் அப்படிப்பட்ட சட்டங்கள் வந்துவிட்டன.

அந்தப் பெண்களுக்கு அப்போது நாடு தழுவிய வாக்குரிமை கிடையாது. கணவன் கூலிப் பணத்தை மதுக்கடையில் தொலைத்துவிட்டு வந்து அடித்தாலும், பல மாநிலங்களில் மணவிலக்குப் பெறுவதும் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்வதும் எளிதாக இருக்கவில்லை. சட்டமன்றத்தில் இடமில்லாதவர்களுக்குக் கிடைத்த ஒரே மேடை பள்ளிக்கூடம். குழந்தைகளுக்குக் கற்பிப்பது பெண்களின் வேலைதானே என்று ஆண்களும் வழிவிட்டார்கள். சங்கத்தின் தலைவர் ஃபிரான்சஸ் வில்லர்ட் வாக்குரிமை கேட்டபோதுகூட அதற்கு ‘இல்லப் பாதுகாப்பு’ என்றுதான் பெயர் சூட்டினார். மனைவியாகவும் தாயாகவும் நின்று கேட்டால்தான் குரல் எடுபடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமக்கும் இது அந்நியமான கதை அல்ல. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையும் கண்ணம்மாளும் முன்னால் நின்றதைத் தமிழ்நாட்டு வரலாறு பெருமையோடு சொல்கிறது. இன்றும் ஓர் ஊரில் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிச் சாலையில் உட்காருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். குடிக்கிறவர் ஒருவர், அதற்காக வெயிலில் உட்காருகிறவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு நமக்கு நன்றாகவே பழகியிருக்கிறது.

மேரி ஹண்டின் பாடநூல்களில் ஒரு குறையும் இருந்தது. அச்சமூட்டுவதற்காக அவை அறிவியலை மிகைப்படுத்தின. அந்தக் காலத்து அறிஞர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். பயமுறுத்தினால் திருந்திவிடுவார்கள் என்ற நம்பிக்கை பின்னாளில் வேறு வடிவில் திரும்பி வரும் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறியாமை என்ற சலுகை

ஃபீனிக்ஸ் பள்ளிக்கூடம் ஓர் அனுமானத்தின் மேல் நின்றது. குடித்து ஓட்டுகிறவர் தெரியாமல் செய்கிறார், தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்பது அந்த அனுமானம். இது அவ்வளவு அப்பாவியானதல்ல. 1960களில் அமெரிக்க நடுத்தர வர்க்க ஆணுக்குக் காரும் விருந்தும் வாழ்க்கையின் இயல்பான பகுதிகள். நீதிமன்றக் கூண்டில் நின்றவரை நீதிபதியாலும் நடுவர் குழுவினராலும் தங்களில் ஒருவராகவே பார்க்க முடிந்தது. நாமும் நேற்று இரண்டு கோப்பை குடித்துவிட்டு ஓட்டி வந்தோமே என்ற நினைப்பு தீர்ப்பு சொல்பவருக்கே இருந்தது. அப்படிப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்ப மனம் வராது. பள்ளிக்கு அனுப்ப வரும்.

ஒரு ஏழைப் பெண் கடையில் பால் டப்பா திருடினால் அவளுக்குத் திருட்டின் தீமை தெரியவில்லை, நான்கு மாலை வகுப்புக்கு வரட்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்வதில்லை. யாருடைய குற்றத்தை அறியாமை என்று அழைக்கிறோம் என்பதிலேயே அதிகாரம் இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய அரசு 35 இடங்களில் குடி ஓட்டுநர்களுக்கான பாதுகாப்புத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கியது. காவல், நீதிமன்றம், பள்ளி, சிகிச்சை நான்கையும் ஒரே சங்கிலியில் கோப்பது நோக்கம். நியூயார்க் மாநிலம் 1975இல் தனக்கென ஒரு வகுப்பைத் தொடங்கியது. ஏழு வாரங்கள், மொத்தம் 16 மணி நேரம். பல மாநிலங்களில் வகுப்புக்குப் போக ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டைக் குறைத்துக்கொள்ளலாம், உரிமத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற பேரம் வழக்கமாகியது. பள்ளி தண்டனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதன் விளைவைக் கலிஃபோர்னியாவில் ஆராய்ந்தார்கள். உரிமத்தை இழக்காமல் வகுப்புக்கு மட்டும் போனவர்களையும், உரிமத்தை இழந்தவர்களையும் ஒப்பிட்டால், வகுப்புக்குப் போனவர்களே அதிக விபத்துகளில் சிக்கியிருந்தார்கள். காரணம் எளியது. அவர்கள் சாலையில் இருந்தார்கள்.

பிரிட்டன் வேறு வரிசையில் போனது. அங்கே முதலில் வந்தது சட்டம். 1967இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த பார்பரா காஸில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்று வரம்பு விதித்து, சாலையோர மூச்சுச் சோதனையை அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு பெண், அதிலும் ஓட்டத் தெரியாத பெண், ஆண்கள் குடிப்பதையும் ஓட்டுவதையும் பற்றிப் பேசலாமா என்று ஏளனம் செய்தார்கள். கொலை மிரட்டல் கடிதங்களும் வந்தன. ஓட்டத் தெரியாதவர்களும் அதே சாலையில்தான் நடக்கிறார்கள், பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துப்போகிறார்கள் என்பது ஏளனம் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

பிரிட்டனில் வகுப்பு சோதனை முறையில் வந்தது 1990களில்தான். 2000ஆம் ஆண்டு முதல் அது நிலையான திட்டமாகியது. உரிமம் குறைந்தது 12 மாதம் பறிபோகும். அதற்குப் பிறகுதான் வகுப்பு. ஏறத்தாழ 16 மணி நேரத்தைப் பல நாட்களாகப் பிரித்து முடித்தால், தடைக்காலத்தில் கால் பங்குவரை குறையும். கட்டணத்தைப் பிடிபட்டவரே கட்ட வேண்டும். இந்த வகுப்புக்குப் போகாதவர்கள் மறுபடி பிடிபடும் வாய்ப்பு போனவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று சோதனைக் காலத்து ஆய்வு கண்டது. தானாக முன்வந்து வகுப்பில் சேர்கிறவர் ஏற்கெனவே கொஞ்சம் யோசிக்கத் தொடங்கியவராக இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டுதான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் வகுப்பைத் தண்டனைக்குப் பதிலாக வைக்காமல் தண்டனைக்குள்ளேயே வைத்த முறை நமக்கு முக்கியமானது.

தாய்மார்கள் வகுப்பறைக்குள் வந்தபோது

1980 மே 3ஆம் நாள் கலிஃபோர்னியாவின் ஃபேர் ஓக்ஸ் என்ற ஊரில், தேவாலயத் திருவிழாவுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த கேரி லைட்னர் என்ற 13 வயதுச் சிறுமியைப் பின்னாலிருந்து வந்த கார் மோதிக் கொன்றது. ஓட்டியவர் முன்பே பலமுறை குடித்து ஓட்டிப் பிடிபட்டவர். அதேபோன்ற இன்னொரு வழக்கில் பிணையில் வெளிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பெரிய தண்டனை எதுவும் கிடைக்காது என்று காவலர்களிடமிருந்தே தெரிந்துகொண்ட கேரியின் தாய் கேண்டஸ் லைட்னர், குடி ஓட்டுநர்களுக்கு எதிரான தாய்மார்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1978இல், நியூயார்க் மாநிலத்தில் டோரிஸ் எய்கன் இதே நோக்கத்தோடு ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார். அதன் பெயரில் தாய் என்ற சொல் இல்லை. நாட்டின் மனத்தில் பதிந்தது லைட்னரின் அமைப்புதான்.

இதைப் பெண்ணிய வாசிப்பில் இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டும். தாய் என்ற சொல்லை ஆயுதமாக்கி அந்தப் பெண்கள் சாதித்தவை பெரியவை. நீதிமன்றங்களில் போய் உட்கார்ந்து வழக்குகளைக் கவனித்தார்கள். பேரம் பேசிக் குற்றச்சாட்டைக் குறைக்கும் வழக்கத்தை எதிர்த்தார்கள். குடிக்கும் வயதை நாடு முழுக்க 21 ஆக்கும் சட்டம் 1984இல் வந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. விபத்து என்று சொல்லிக் கடந்துபோன ஒன்றைக் குற்றம் என்று சொல்ல வைத்தார்கள். அதே நேரத்தில், வில்லர்டுக்கு நூறு ஆண்டுக்குப் பிறகும் ஒரு பெண் பொதுவெளியில் கேட்கப்பட வேண்டுமானால் தாயாகத்தான் வர வேண்டியிருந்தது. குடிமகள் என்ற தகுதி அவளுக்குப் போதவில்லை.

வகுப்பறையையும் அவர்கள் மாற்றினார்கள். 1980களில் பாதிக்கப்பட்டோர் அமர்வு என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். தண்டனை பெற்றவர்கள் ஓர் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். குடி ஓட்டுநரால் மகளை, கணவனை, தன் கால்களை இழந்த மூன்று நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நடந்ததைச் சொல்வார்கள். எதிரே இருப்பவர்களைத் திட்டக் கூடாது, குற்றம் சாட்டக் கூடாது என்பது விதி. தன் வழக்கின் குற்றவாளி இருக்கும் கூட்டத்தில் அவரால் பாதிக்கப்பட்டவர் பேசுவதில்லை. கேட்பவர்கள் கேட்க மட்டும் வேண்டும். ஃபீனிக்ஸ் வகுப்பு இரத்தத்தில் கலந்த மதுவின் அளவைச் சொன்னது. இந்த அரங்கம் தரையில் கிடந்த காலணியைச் சொன்னது.

அந்தச் சாட்சிகளின் துணிவை மதிக்காமல் இருக்க முடியாது. சொல்வது தங்களுக்கே ஆறுதலாக இருந்ததாகப் பலர் உணர்ந்தார்கள். ஆனாலும் ஒரு தாய் தன் மகள் இறந்த நாளை மாதம்தோறும் புதிய புதிய அந்நியர்கள் முன்னால் திரும்பச் சொல்கிறாள், அரசு அதைத் தன் தண்டனைத் திட்டத்தின் ஒரு பாடவேளையாக வைத்துக்கொள்கிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அவளுடைய துயரம் பாடக்கருவியாகிறது. அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று கேட்பது அவளுக்கு நாம் செய்யும் மரியாதை.

அந்த நாற்காலியில் ஒரு பெண்

கேட்டுப் பார்த்தவர்களில் நியூ மெக்சிகோ மாநில ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். ஜேனட் சிடிபாகா, சாண்ட்ரா லாஃபம் ஆகியோரின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு, அமர்வுக்கு அனுப்பப்பட்டவர்களையும் அனுப்பப்படாதவர்களையும் ஆண், பெண் எனவும், முதல்முறை பிடிபட்டவர், மறுமுறை பிடிபட்டவர் எனவும் பிரித்துப் பார்த்தது. முதல்முறை பிடிபட்டவர்களிடம், ஆணானாலும் பெண்ணானாலும், அமர்வால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மறுமுறை பிடிபட்ட பெண்களிடம் தெரிந்தது, அதுவும் எதிர்த்திசையில். அமர்வுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண்கள், அனுப்பப்படாதவர்களைவிட அதிகமாக மீண்டும் கைதானார்கள்.

பெண்கள் என்று பிரித்துப் பார்த்ததால்தான் இது கண்ணில் பட்டது. 1980இல் அமெரிக்காவில் இந்தக் குற்றத்துக்காகக் கைதானவர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2010களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பாடத்திட்டமோ ஆணை நினைத்து எழுதப்பட்டது. கவலையற்ற, கொஞ்சம் திமிர் பிடித்த, தன்னால் எவருக்கும் எதுவும் ஆகாது என்று நம்புகிற ஓர் ஆண் அதன் மனத்திலிருந்த மாணவன். அவனுக்குக் குற்றவுணர்வு ஊட்ட வேண்டும் என்பது அதன் கணக்கு.

அதே மாநிலத்தில் குடி ஓட்டுநர்களை ஆராய்ந்த லாஃபம் குழுவின் இன்னொரு ஆய்வையும் இதனோடு வைத்துப் படிக்கலாம். குடிநோய் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அதோடு வேறொரு மனநலச் சிக்கலும் இருந்தது. பெரும்பாலும் மனச்சோர்வு, அல்லது கொடுமைக்கு ஆளானதால் வரும் மனவடு. ஆண்களில் அப்படி இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. ஏற்கெனவே தன்னைத் தானே வெறுத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியை உட்காரவைத்து, இறந்த குழந்தையின் கதையைக் கேட்கச் செய்து, வாய் திறக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் அவள் எதை நோக்கிப் போவாள் என்று ஊகிப்பது கடினமல்ல. இது என் ஊகம்தான். ஆனால் வெட்கத்தைக் கொண்டு பெண்களைத் திருத்தும் முறையின் பலன் என்ன என்பதை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

அப்படியானால் வகுப்பறையே வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. எலிசபெத் வெல்ஸ்-பார்க்கர் தலைமையில் 215 ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. கல்வியும் சிகிச்சையும் சேர்ந்த திட்டங்கள், அவை இல்லாத நிலையைவிட, மீண்டும் குற்றம் செய்வதை 7 முதல் 9 விழுக்காடு குறைக்கின்றன என்பது அதன் முடிவு. பாடம் மட்டும் நடத்துவதைவிட, பாடமும் கலந்துரையாடலும் சிகிச்சையும் தொடர்ந்த கண்காணிப்பும் சேர்ந்தவை கூடுதல் பலன் தந்தன. 7 விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றலாம். நூறு பேர் மறுபடி குடித்து ஓட்டிப் பிடிபட்டிருப்பார்கள் என்றால் ஏழு பேர் அதைச் செய்யவில்லை என்று பொருள். அந்த ஏழு கார்களின் முன்னால் யார் யார் சாலையைக் கடந்திருப்பார்கள் என்று எண்ணினால் அது சிறிய எண் இல்லை. பத்து மணி நேரத்தில் மனிதரை மாற்றிவிடலாம் என்ற வாக்குறுதிக்கு அது சிறிய எண்தான்.

ஐதராபாத்தில் இரண்டு நாற்காலிகள்

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பிரிட்டனில் காஸில் வைத்த வரம்பில் பாதியைவிடவும் குறைவு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. மறுமுறை 15,000 ரூபாய், இரண்டாண்டு. வகுப்பு என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. இருந்தும் ஐதராபாத் போக்குவரத்துக் காவல்துறை 2010களில் தானாகவே ஒரு வகுப்பை நடத்தியது. பிடிபட்டவர்கள் நீதிமன்றம் போகும் முன் கோஷாமஹாலிலோ பேகம்பேட்டையிலோ உள்ள போக்குவரத்துப் பயிற்சி நிலையத்துக்கு ஆலோசனை பெற வர வேண்டும். விபத்துக் காட்சிகளைப் போட்டுக் காட்டுவார்கள். வரும்போது தனியாக வரக் கூடாது. மணமானவர் மனைவியோடும் மணமாகாதவர் பெற்றோரோடும் வர வேண்டும்.

நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். குடும்பம் பார்க்கிறது என்றால் ஆணுக்குக் கூச்சம் வரும் என்ற கணக்கு. ஆனால் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கலாம். பிள்ளையை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கலாம். நீங்கள்தான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காவல்துறை சொல்லும்போது, கணவனின் குடிக்கு மனைவியைப் பொறுப்பாளியாக்கும் ஊர்ப்பேச்சு அரசின் குரலில் ஒலிக்கிறது. வீட்டில் அடிக்கும் கணவன் என்றால், தன் அவமானத்துக்குச் சாட்சியாக அவள் உட்கார்ந்திருந்தாள் என்பதே அன்றிரவு அடுத்த அடிக்குக் காரணமாகலாம். குடிகாரனின் மனைவியோடு பேசக் காவல்துறைக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. வீட்டில் எப்படி இருக்கிறது என்று அவளைத் தனியே அழைத்துக் கேட்பதற்கு அதைப் பயன்படுத்தலாம்.

மேரி ஹண்ட் காலத்திலிருந்து ஐதராபாத் வரை இந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்கள் ஆசிரியராக இருந்திருக்கிறார்கள், சாட்சியாக இருந்திருக்கிறார்கள், காவலாக உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். மாணவியாக வந்தபோது மட்டும் அவர்களுக்கான பாடம் அங்கே இல்லை.

நம் மாநிலத்திலும் நாளை இப்படியொரு வகுப்பு வரலாம், வரவும் வேண்டும். மதுவை அரசே விற்கும் மாநிலத்தில் அந்த வகுப்பின் செலவை விற்பனை வருமானத்திலிருந்தே கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். உரிமத்தைப் பறித்த பிறகு வகுப்பு நடக்கட்டும். குடிநோய் இருப்பவருக்கு மருத்துவமனை வழி காட்டட்டும், ஓராண்டாவது தொடர்ந்து விசாரிக்கட்டும். பிடிபடுகிற பெண்ணிடம் அவள் ஏன் குடிக்கிறாள் என்று கேட்க ஒருவர் இருக்கட்டும். மனைவிக்கு அழைப்பு அனுப்புவதானால் அது அவளுக்கான அழைப்பாக இருக்கட்டும், வருவதும் வராமல் இருப்பதும் அவள் விருப்பமாக இருக்கட்டும். குடித்து ஓட்டியவர் தன் பாடத்தைத் தானே போய்ப் படித்துவிட்டு வரலாம்.